டார்னடோவோ ஒக்கியோ, காற்று அடங்கிய பிறகு ஊர்ப் பையன்கள் என்ன செய்யலாம்?

மார்த்தாண்டம் பக்கமிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அமெரிக்காவில் டார்னடோ அடித்த ஊருக்கு மறுநாளே நூற்றுக்கணக்கானவர்கள் மரம் அறுக்கிற மெஷினோடு வந்து இறங்கி வேலை செய்யும் வீடியோ ஒன்றைப் பார்த்தாராம். அப்படி ஒரு காற்று நம் குமரி மாவட்டத்தில் அடித்தால் எங்கள் மன்றத்துப் பையன்கள் இருபது பேர் என்ன செய்யணும், மன்றப் பணத்தில் ஒரு மெஷின் வாங்கிப் போடலாமா என்பது அவர் கேள்வி. மெஷினைப் பற்றிக் கேட்டாலும், அவர் மனதில் இருப்பது இதுதான் என்று எனக்குப் படுகிறது: பயிற்சி எதுவும் இல்லாத சாதாரண ஆட்கள் ஒரு பேரிடருக்குப் பிறகு நிஜமாகவே உபயோகப்படுவார்களா, அல்லது வேலை தெரிந்தவர்களுக்கு இடைஞ்சலாகத்தான் இருப்பார்களா? உபயோகப்படுவார்கள். ஆனால் வீடியோவில் தெரிகிற வேலையில் அல்ல. சுனாமி சமயத்தில் குளச்சலில் தொடங்கி, 2017 ஒக்கிப் புயல், 2021 நவம்பர் வெள்ளம் என்று நிவாரண ஒருங்கிணைப்பில் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான் வானிலை படித்தவன் அல்ல, மின்வாரியத்து ஆளும் அல்ல, டாக்டரும் அல்ல. அந்த விஷயங்களில் நான் சொல்வதை அந்தந்தத் துறை ஆட்களிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் காற்றைப் பற்றி. டார்னடோ என்பது இடிமேகத்தின் அடியிலிருந்து தரை வரை இறங்கிச் சுழலும் காற்றுத் தூண். அகலம் பெரும்பாலும் சில நூறு மீட்டர். ஓர் ஊரைக் கடக்கச் சில நிமிடங்கள் போதும். புயல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம், நாள்கணக்கில் நகரும். இந்தியாவில் டார்னடோ அடிப்பது பெரும்பாலும் வங்காளம், ஒடிசா, அசாம் பக்கம், மார்ச் முதல் மே வரை. 2024 மார்ச் 31-ந்தேதி மேற்கு வங்கத்தின் ஜல்பைகுரி மாவட்டத்தில் மைனாகுரி பக்கம் அடித்தது பலருக்கு நினைவிருக்கும். பக்கத்து வங்கதேசத்தில் 1989 ஏப்ரல் 26-ந்தேதி அடித்த டார்னடோவில் சுமார் 1,300 பேர் இறந்தார்கள். நம் மாவட்டத்தில் ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழையோடு சேர்ந்து வந்து வாழையைச் சாய்த்துவிட்டுப் போகிற சூறைக்காற்று பெரும்பாலும் வேறு வகை. இடிமேகத்திலிருந்து நேராகக் கீழே இறங்கித் தரையில் மோதிப் பரவும் காற்று அது. விளையில், அதாவது தோட்டத்தில், போய் நின்று பார்த்தால் ஓரளவு தெரியும். எல்லா வாழையும் ஒரே பக்கமாக, அல்லது விசிறி விரித்தாற்போல வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தால் அது இறங்கிய காற்று. குறுகலான ஒரு பட்டையில் மட்டும் மரங்கள் எதிரும் புதிருமாக விழுந்து, பத்தடி தள்ளி ஓர் இலைகூடக் கிழியாமல் இருந்தால் சுழன்ற காற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். இதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. அது வானிலை ஆய்வு மையத்தின் வேலை.

இந்த வித்தியாசத்தைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டார்னடோ அடித்த தெருவுக்கு அடுத்த தெருவில் கரண்ட் இருக்கும், அடுப்பு எரியும், வண்டி ஓடும். உதவிக்கு வருகிறவன் ராத்திரி தன் வீட்டில் போய்த் தூங்கிவிட்டு மறுநாள் காலையில் வருவான். நீங்கள் பார்த்த வீடியோக்களில் அவ்வளவு பேர் கூடுவது அதனால்தான். அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தின் ஜாப்ளின் நகரத்தில் 2011 மே 22-ந்தேதி ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் அகலத்துக்கு டார்னடோ ஊரின் நடுவே புகுந்துபோனது. 150 பேருக்கு மேல் செத்தார்கள். ஆனாலும் நகரத்தின் பெரும்பகுதி நின்றுகொண்டிருந்தது. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்திலேயே பதிவு மேசை போட்டு, வருகிற ஆட்களுக்குப் பெயர் எழுதி, கையில் பட்டை கட்டி, எந்தத் தெரு, என்ன வேலை என்று சொல்லி அனுப்ப முடிந்தது. ஒக்கி அப்படியா? 2017 நவம்பர் 30-ந்தேதி அது கன்னியாகுமரிக்குத் தெற்கே சுமார் 60 கிலோமீட்டரில் கடலில் போனது. நம் கரையைத் தொடவே இல்லை. ஆனாலும் நீரோடி முதல் மலையோரம் வரை மாவட்டம் முழுக்க அடி. உதவ வேண்டியவன் வீட்டிலும் ஓடு இல்லை, பக்கத்து ஊரிலும் கம்பம் விழுந்து கிடக்கிறது, போனில் சார்ஜ் இல்லை, பெட்ரோல் பங்கில் வரிசை. ஆகவே எந்த வகைக் காற்று என்பதைப் பொறுத்துத் தன்னார்வலர்களின் திட்டமும் மாறும். குறுகிய பட்டையில் அடித்தால் பக்கத்து ஊர் வரவேண்டும். மாவட்டம் முழுக்க அடித்தால் அவரவர் ஊரை அவரவர்தான் முதல் மூன்று நாள் பார்க்கவேண்டும்.

இனி முதல் மூன்று நாள். காற்று அடிக்கும்போது சாகிறவர்களுக்குச் சமமான கவனம் காற்று நின்ற பிறகு சாகிறவர்களுக்கும் வேண்டும். ஏனென்றால் இந்தச் சாவுகள் முழுக்கத் தவிர்க்கக்கூடியவை. வேரோடு சாய்ந்த பலாவையோ மாவையோ எடுத்துக்கொள்ளுங்கள். வேர் மண்ணோடு ஓர் ஆள் உயரத்துக்குச் சுவர் மாதிரி எழும்பி நிற்கும், அடியில் பெரிய குழி. அந்தக் குழிக்குள் பிள்ளைகள் இறங்கி விளையாடும். மேலே மெஷின்காரர் தடியை அறுத்து எடுத்ததும், மரத்தின் பாரம் போய்விட்டதால், வேர்ப்பக்கம் தானாக எழுந்து குழிக்குள் திரும்பவும் உட்காரும். டன் கணக்கில் மண். கத்தக்கூட நேரம் இருக்காது. இதே மாதிரி இன்னொன்று: இரண்டு மரங்களுக்கு நடுவே வில்லாக வளைந்து மாட்டிக்கொண்டிருக்கிற ரப்பர் மரம். வளைவின் வெளிப்பக்கத்தில் வாளை வைத்தால் தெறித்து முகத்தில் அடிக்கும். இந்த இரண்டும் தெரிந்த ஆளைத் தவிர வேறு யாரும் விழுந்த மரத்தில் கை வைக்கக்கூடாது.

ஆகவே மெஷின் வாங்குவது பற்றி என் கருத்து: வாங்கவேண்டாம். நம் மாவட்டத்தில் மெஷினுக்குப் பஞ்சமே இல்லை. கல்குளம், விளவங்கோடு, திருவட்டாறு பக்கம் ரப்பர்த் தடி வெட்டுவதையே தொழிலாக வைத்திருக்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இருக்கிற கைப்பழக்கம் மன்றத்துப் பையனுக்கு ஒரு வாரத்தில் வராது. நீங்கள் செய்யவேண்டியது, அப்படிப்பட்ட நான்கைந்து பேரின் பெயரையும் போன் நம்பரையும் இப்போதே எழுதி வைத்து, பேரிடர் நேரத்தில் இன்ன கூலிக்கு, முதலில் ரோடு, அடுத்தது நோயாளி இருக்கிற வீடு, அதற்கப்புறம் மற்ற வீடுகள் என்று பேசி முடித்துக்கொள்வது. கூலி இல்லாமல் செய்யச் சொல்லாதீர்கள். அவர்களுக்கும் வீடு உண்டு, அதிலும் ஓடு பறந்திருக்கும். உங்கள் பையன்கள் வடம் பிடிக்கலாம், அறுத்த கம்பை இழுத்து ஒதுக்கலாம், இரண்டு பக்கமும் நின்று ஆட்களைத் தடுக்கலாம். மன்றப் பணம் மிச்சமிருந்தால் நல்ல கனமான தார்ப்பாய், நைலான் கயிறு, தோல் கையுறை, ஹெல்மெட், டார்ச் லைட், பவர் பேங்க் வாங்கி வையுங்கள். தார்ப்பாய் மெல்லிசாக வாங்கினால் இரண்டாவது மழையிலேயே கிழியும். கட்டும்போது கயிற்றைக் கைமரத்தோடு சேர்த்துக் கட்டவேண்டும். ஓட்டைத் தாங்குகிற மெல்லிய ரீப்பர் சட்டத்தோடு கட்டினால் அடுத்த காற்றில் ரீப்பரையும் பிய்த்துக்கொண்டு போகும்.

மின்கம்பி விஷயத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை. கரண்ட் போய் மூன்று நாள் ஆனாலும் கீழே கிடக்கிற கம்பி உயிருள்ள கம்பிதான் என்று நினைத்துத்தான் நடக்கவேண்டும். யாரோ ஒருவர் வீட்டில் மெயினை அணைக்காமல் ஜெனரேட்டர் ஓட்டினால் அந்தக் கரண்ட் வெளிக்கம்பிக்கு ஏறி, கம்பத்தின் மேலிருக்கிற லைன்மேனைக் கொல்லும். எனவே ஊரில் ஜெனரேட்டர் வைத்திருக்கிற வீடு, கடை, கல்யாண மண்டபம் ஒவ்வொன்றாகப் போய் மெயின் சுவிட்ச் ஆஃப் ஆகியிருக்கிறதா என்று பார்ப்பதே இரண்டு பையன்களுக்கு ஒரு நாள் முழுநேர வேலை. ஒக்கியின்போது மற்ற மாவட்டங்களிலிருந்து மின்வாரியத் தொழிலாளர்கள் நம் ஊருக்கு வந்தார்கள். ஊர் ஊராக ஆட்கள் கூடி அவர்களோடு கம்பம் சுமந்தார்கள், குழி தோண்டினார்கள். அவர்கள் சொன்னபடி செய்கிறவரை அது பெரிய உதவி. சாப்பாடு, படுக்க இடம், குளிக்கத் தண்ணீர் கொடுத்த ஊருக்குக் கரண்ட் சீக்கிரம் வந்தது என்று ஒரு பேச்சு உண்டு. அது உண்மையோ இல்லையோ, வீட்டை விட்டு வந்து நமக்காகக் கம்பத்தில் ஏறுகிறவர்களுக்குச் சூடாக ஒரு வேளை சோறு போடுவது நம் கடமை.

உடம்பு விஷயத்தில் இரண்டே சொல்கிறேன். ஜாப்ளினில் காற்றுக்குத் தப்பிப் பிழைத்தவர்களில் 13 பேருக்குக் காயத்தின் வழியாக மண்ணிலிருந்த ஒரு பூஞ்சை புகுந்து சதையை அரித்தது. அதில் 5 பேர் இறந்தார்கள். அரிதான நோய்தான், ஆனால் அது காட்டுகிற உண்மை பொதுவானது: மரச்சிம்பு, ஓட்டுத்துண்டு, தகரம் கிழித்த காயத்தை மேலோட்டமாகத் துடைத்து பிளாஸ்டர் ஒட்டினால் போதாது. சோப்பும் ஓடுகிற சுத்தமான தண்ணீரும் விட்டுக் கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி டெட்டனஸ் ஊசி பற்றிக் கேட்கவேண்டும். தன்னார்வலர்களுக்கும் இது பொருந்தும். இரண்டாவது, கிணறு. நம் ஊரில் வீட்டுக்கு வீடு கிணறு, கரண்ட் இல்லாவிட்டால் வாளிதான். இலையும் குப்பையும் விழுந்த கிணற்றில் முதலில் அதை அள்ளவேண்டும், அப்புறம்தான் பிளீச்சிங் பவுடர். ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம் என்பது வழக்கமான கணக்கு. இரண்டு மீட்டர் விட்டமும் மூன்று மீட்டர் தண்ணீரும் உள்ள கிணற்றில் ஏறக்குறைய 9,400 லிட்டர் இருக்கும், அதற்கு 24 கிராம் போதும். ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, அடியில் சுண்ணாம்பு தங்கியபின் மேல் தெளிவை மட்டும் எடுத்து ஊற்றி, ஒரு மணி நேரமாவது விட்டு எடுக்கவேண்டும். தண்ணீர் கலங்கியிருந்தாலோ பவுடர் பழையதாக இருந்தாலோ இந்தக் கணக்கு மாறும். சுகாதார ஆய்வாளரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கைப்பிடி கைப்பிடியாக அள்ளிப் போடுகிற பழக்கம் வேண்டாம்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு வாரத்து வேலை. அந்த ஒரு வாரத்துக்கு ஆள் கிடைக்காமல் போவதில்லை. பேரிடர் நடந்த இடத்துக்கு ஆளும் பொருளும் அளவுக்கு மீறி வந்து குவியும் என்பதைச் சமூகவியலாளர்கள் 1950-களிலேயே ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரையில் லாரி லாரியாக வந்து ரோட்டோரம் மழையில் நனைந்து கிடந்த பழைய துணிமூட்டைகளைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆராய்ச்சி தேவையில்லை. உங்கள் இருபது பேரால் மட்டுமே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. வெளியூரிலிருந்து வருகிற எவராலும் அது முடியாது. அது ஊரின் கணக்கைச் சரியாக எழுதுவது.

ஒக்கியில் இதை ரத்தம் சுண்ட அனுபவித்தது நம் கடற்கரை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, பூத்துறை, மார்த்தாண்டன்துறை, நீரோடி ஊர்க்காரர்கள் ஆழ்கடலில் பல நாள் தங்கித் தொழில் செய்கிறவர்கள். புயல் அடித்தபோது எத்தனை விசைப்படகு, எத்தனை வள்ளம், எத்தனை ஆள் கடலில் என்று அரசு சொன்ன கணக்கும் ஊர் சொன்ன கணக்கும் ஒத்துப்போகவில்லை. சரியான பட்டியல் கரையில்தான் தயாரானது. ஒவ்வொரு கோயில் முற்றத்திலும் உட்கார்ந்து படகு வாரியாக எழுதினார்கள்: படகின் பெயர், உரிமையாளர், எந்தத் துறைமுகத்திலிருந்து என்றைக்குப் புறப்பட்டது, வயர்லெஸ்ஸில் கடைசியாக எப்போது யாரிடம் பேசியது, உள்ளே இருந்தவர்கள் பெயர். வெளிமாநிலத்துத் தொழிலாளிகளின் பெயரைச் சேர்க்க இன்னும் சிரமம். ஊரில் அவர்களைத் தேடிக் கேட்க ஒருவரும் இல்லை. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் தேடச் சொல்லிக் கேட்டார்கள். 2017 டிசம்பர் 7-ந்தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்ததும் அதற்காகத்தான். சொந்தப் படகிலேயே தேடவும் போனார்கள். காணாமல் போனவர் இறந்துவிட்டார் என்று சட்டப்படி கொள்ள வழக்கமாக ஏழு வருடம் காத்திருக்கவேண்டும். ஒக்கியில் அந்தக் காத்திருப்பு இல்லாமலேயே குடும்பங்களுக்குச் சான்றும் 20 லட்சம் ரூபாய் நிவாரணமும் கிடைத்ததற்குப் பின்னால், ஊர் ஊராக அந்தப் பட்டியல்களை எழுதி, திருத்தி, திரும்ப எழுதிய கைகள் இருக்கின்றன. அவர்களில் யாரும் பயிற்சி பெற்றவர்கள் இல்லை.

நிலத்திலும் இதே வேலைதான். ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். குடும்பத் தலைவர், ரேஷன் அட்டை எண், யார் யார் இருக்கிறார்கள், இன்சுலின் போடுகிறவர், டயாலிசிஸ் போகிறவர், கர்ப்பிணி, படுக்கையில் இருக்கிறவர். இதில் பாதியைக் காற்று வருவதற்கு முன்பே எழுதிவிடலாம். கிராம சுகாதாரச் செவிலியருக்கும் அங்கன்வாடி அக்காவுக்கும் மகளிர் குழுத் தலைவிக்கும் இதெல்லாம் மனப்பாடம். மன்றத்தில் பெண்கள் இல்லையென்றால் முதலில் அவர்களைச் சேருங்கள். பையன்கள் வாசலில் நின்று கேட்டால் பாதி விஷயம் வெளியே வராது. காற்றுக்குப் பிறகு அதே பக்கத்தில் சேதம்: கூரையில் எத்தனை பங்கு போனது, சுவரில் எங்கே வெடிப்பு, ஆடு மாடு, எத்தனை தென்னை, எத்தனை ரப்பர், எத்தனை வாழை. எதையும் ஒதுக்குவதற்கு முன்பு போட்டோ எடுக்கவேண்டும், தேதி விழுகிற மாதிரி, வீட்டுக்காரரும் கதவு எண்ணும் படத்தில் தெரிகிற மாதிரி. ஆர்வத்தில் முதல் நாளே சுத்தம் செய்து கொடுத்துவிட்டால், ஐந்தாவது நாள் கணக்கெடுக்க வருகிற கிராம நிர்வாக அலுவலருக்குக் காட்ட ஒன்றும் இருக்காது.

பயிர்க் கணக்கில் ஒரு நுணுக்கம். அரசு நிவாரண விதிப்படி சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் இடுபொருள் உதவி. ஆகவே விழுந்த மரத்தை மட்டும் எண்ணினால் போதாது, நிற்கிற மரத்தையும் எண்ணவேண்டும். முன்னூறு ரப்பரில் நூற்றைந்து போச்சு என்று எழுதினால் அது 35 சதவீதம். நூற்றைந்து போச்சு என்று மட்டும் எழுதினால் அதற்கு அர்த்தமே இல்லை. தலை முறிந்து அடிமரம் மட்டும் நிற்பதைத் தனியாக எழுதுங்கள், ரோட்டிலிருந்து பார்த்தால் அது நிற்கிற மரமாகத் தெரியும். மனுவில் டார்னடோ என்று நீங்களாகப் பெயர் வைக்காதீர்கள். மத்திய அரசின் நிவாரணப் பட்டியலில் புயல், வெள்ளம், ஆலங்கட்டி மழை என்றெல்லாம் உண்டு. டார்னடோ என்று தனிப்பெயர் இல்லை. உள்ளூர்ப் பேரிடராக மாநில அரசு அறிவித்தால் மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் 10 சதவீதம் வரை செலவு செய்ய வழி இருக்கிறது. நீங்கள் தேதி, நேரம், காற்று வந்த திசை, எவ்வளவு நேரம் அடித்தது, மழை இருந்ததா என்று கண்டதை எழுதுங்கள். பெயரை அதிகாரிகள் வைக்கட்டும்.

எனக்கு மிகவும் வேதனை தருகிறது பாட்ட விவசாயியின், அதாவது குத்தகைக்குப் பயிரிடுகிறவரின், நிலைமை. நம் பக்கம் வாழை போடுகிறவர்களில் நிறையப் பேர் பாட்டத்துக்கு நிலம் எடுத்தவர்கள். நேந்திரனோ மட்டியோ செந்துளுவனோ, குலை தள்ளுகிற பருவத்தில் காற்று அடித்தால் ஒரு வருட உழைப்பும் வட்டிக்கு வாங்கிய பணமும் அரை மணி நேரத்தில் போய்விடும். பட்டா இருப்பது நிலத்துக்காரர் பேரில். பாட்டமோ வாய்ப்பேச்சு. நிலத்துக்காரர் திருவனந்தபுரத்திலோ வளைகுடாவிலோ இருப்பார். பட்டா பார்த்துப் பணம் வந்தால் அவர் கணக்குக்குத்தான் வரும். பயிரிட்டவர் பெயர் அடங்கலில், அதாவது கிராமப் பயிர்க் கணக்கில், ஏறியிருந்தால் பேச ஓர் ஆதாரம் உண்டு. இல்லையென்றால் நிலத்துக்காரரிடமிருந்து ஒரு சம்மதக் கடிதம், பக்கத்து விளைக்காரர்கள் இருவரின் சாட்சி, உரக்கடை ரசீது, வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வாங்கிய கடன் தாள் என்று சேர்த்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் போகவேண்டும். இது எல்லா இடத்திலும் ஏற்கப்படும் என்று நான் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் கேட்காதவருக்குக் கிடைக்காது என்பது நிச்சயம். பாட்டக்காரர் தனியாகப் போய் நின்றால் வெயிலில் நின்றுவிட்டுத் திரும்புவார். மன்றத்துப் பையன் ஒருவன் பைலோடு கூடப் போனால் உட்காரச் சொல்வார்கள். புறம்போக்கில் குடியிருப்பவர், கணவர் பெயரிலேயே இன்னும் வீட்டு வரி கட்டும் விதவை, மகன்கள் வெளியூரில் இருக்கத் தனியாக வாழும் வயசாளிகள், இவர்கள் எல்லோருக்கும் இதே கதைதான்.

விழுந்த ரப்பரைப் பற்றி ஒரு வார்த்தை. ரப்பர்த் தடி வெட்டிய சில நாளிலேயே நீலம் பாய்ந்து பூச்சி விழும். அதனால் மில்லுக்குச் சீக்கிரம் போகவேண்டும். எல்லோர் மரமும் ஒரே நாளில் விழுந்தால் வியாபாரி சொன்னதுதான் விலை. ஊராகச் சேர்ந்து பேசினால் கொஞ்சமாவது கூடும் என்று நம்புகிறேன், கூடின இடங்களைப் பார்த்திருக்கிறேன், கூடாத இடங்களும் உண்டு. சாய்ந்த இளங்கன்றுகளை ஓரிரு நாளில் நிமிர்த்தி முட்டுக்கொடுத்தால் பிழைக்கும். கொஞ்சம் வளர்ந்த மரத்தை நிமிர்த்திக் கட்டுவதில் செலவுக்கேற்ற பலன் உண்டா என்பதில் அனுபவசாலிகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ரப்பர் வாரியக் கள அலுவலரை விளைக்கே கூட்டிவந்து காட்டிவிட்டு முடிவெடுக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது மாதத்தில் கூட்டம் கலைந்துவிடும். டிவி வண்டி போய்விடும், சமையல்கூடம் மூடிவிடும். வெளியே நீலத் தார்ப்பாய் மட்டும் தெரியும். உங்கள் மன்றத்தின் நிஜமான வேலை அங்கேதான் தொடங்குகிறது. இருவர் சேர்ந்து ஐந்து வீடு என்று பிரித்துக்கொள்ளுங்கள், குறைந்தது ஒரு வருடத்துக்கு. வாரம் ஒருமுறை போய் மனு எங்கே நிற்கிறது, ஆதார், பட்டா நகல் வந்ததா, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா என்று கேட்டால் போதும். துக்கத்தில் இருக்கிறவரை உட்காரவைத்து நடந்ததையெல்லாம் சொல்லச் சொல்லிக் கிளறுவது நல்லது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். அப்படி ஒரே தடவையில் கொட்டவைப்பதால் நன்மை இல்லை, சிலருக்குக் கெடுதலும் உண்டு என்பது இப்போது ஓரளவு தெளிவாகிவிட்டது. அவர்களாகப் பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் கூரையில் ஓடுகளை அடுக்கிக் கொடுங்கள். தூக்கமில்லாமல், சாப்பாடில்லாமல், ‘இனி எதற்கு இருக்கணும்’ என்று பேசுகிறவரை மட்டும் தனியே விடாமல் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். கடலில் ஆள் திரும்பாத வீடுகளில் முதல் கிறிஸ்துமஸும் முதல் வருட நாளும் கடுமையானவை. அந்த வாரம் போகாமல் இருக்காதீர்கள்.

இன்னொரு யோசனை, இது சோதித்துப் பார்த்ததல்ல, என் ஆசை. மலையோர ஊர் ஒன்றும் கடற்கரை ஊர் ஒன்றும் இப்போதே ஒப்பந்தம் மாதிரிப் பேசிவைத்துக்கொள்ளலாம். குலசேகரம் பக்கத்து ஆட்களுக்கு மரம் தெரியும், மண்சரிவு தெரியும். கடற்கரை ஆட்களுக்குக் கயிறு, முடிச்சு, வயர்லெஸ், நீச்சல் தெரியும். 2018 கேரள வெள்ளத்தில் மீனவர்கள் வள்ளத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் எத்தனை உயிரைத் தூக்கினார்கள் என்று உலகமே பார்த்தது. குறுகிய பட்டையில் அடிக்கிற சூறைக்காற்றுக்கு இந்த ஏற்பாடு பொருந்தும். ஒக்கி மாதிரி எல்லோரையும் அடிக்கிறபோது எவ்வளவு நிற்கும் என்பது சந்தேகம்தான்.

பணம் வசூலித்தால் அன்றன்றைக்கே வரவு செலவு எழுதி ஊர்ப் பலகையில் ஒட்டுங்கள். தன்னார்வலர் எத்தனை பேர், எத்தனை மணி நேரம் என்றும் எழுதுங்கள். ஜாப்ளினில் அந்த மணிக்கணக்கைப் பணமாக மதிப்பிட்டு, குப்பை அகற்றும் செலவில் நகரத்தின் பங்காக மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. நம்மிடம் அப்படி விதி இல்லை என்றாலும், அடுத்த முறை தாசில்தாரிடம் போய்ப் பேசும்போது அந்த நோட்டுக்கு மரியாதை உண்டு.

பயிற்சி வேண்டுமென்றால், தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘ஆப்தா மித்ரா’ திட்டத்தில் தன்னார்வலர்களுக்கு 12 நாள் பயிற்சி கொடுத்தார்கள். நம் மாவட்டத்தில் இப்போது அப்படி என்ன பயிற்சி இருக்கிறது, அடுத்த அணி எப்போது என்று நாகர்கோவிலில் ஆட்சியர் அலுவலகப் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் கேளுங்கள். அவசரக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, எல்லோர் போனிலும் இருக்கட்டும். பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தில் மன்றத்தின் பெயரில் எழுதிக் கொடுத்தால் ஊருக்கே வந்து கயிறு, முதலுதவி, ஆள் தூக்குவது எல்லாம் செய்து காட்டுவார்கள். ஜனவரி, பிப்ரவரியில் கேளுங்கள். இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கிவிட்டால் அவர்களுக்கு ஓய்வு இருக்காது, அக்டோபரில் கேட்டால் நாளே கிடைக்காது.